சூசை குடிக்கவில்லை

சூசை குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று விசாரணையில் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்!

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்ஜினீயராக இருந்து, வேலையை உதறிவிட்டு ஜில்லா போர்டுக்கு நின்று ஜெயித்தவன். யுத்தம் வந்ததும் கலெக்டர் துரை என்னை யுத்தக் கமிட்டித் தலைவனாக்கினார். அடுத்தது ராவ் சாகிப் பட்டம்தான் என்று ஊரே பேசிற்று. நானும் கண்ணாடி முன் நின்று, அதை என் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன்... சிரிக்காதீர்கள்.

பட்டம் சும்மா வருமா? தெற்கே ஒரு மீனவர் ஊரில் மாதா கோவில் கோபுரம் பளிச்சென்று வெள்ளையாய் நிற்கும். ஜப்பான்காரன் விமானத்துக்கு அடையாளம் காட்டிவிடும், மண்ணிறம் பூசுங்கள் என்று உத்தரவிட்டேன். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லாம் என் சொந்த விசுவாசம்!

ஊருக்காகப் பேச வந்தவன் சூசை. வள்ளக்காரன், வாய் அடங்காதவன்.

"அந்த வெள்ளையையும் பின்னால நிக்கிற ஒத்தப் பனையையும் ஒரே கோட்டுல வச்சுதான் ஐயா, பாறையில முட்டாம கரை புடிக்கோம். நீங்க இன்ஜினீயரு... ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குத் தெரியாதா! அந்தக் கோபுரத்தைக் குறியாக வைத்துத்தானே நானே அந்தக் கடலை அளந்தேன். "போலே, யுத்தம் முடியட்டும்" என்று விரட்டிவிட்டேன்.

தவக்காலத்தில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரம். கரையெங்கும் பனிமூட்டம் போல மூடல்; மண்ணிறம் பூசிய கோபுரம் அதில் கரைந்துபோயிருந்தது. சூசையின் வள்ளம் பாறையில் மோதி உடைந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அவன் வரவில்லை.

காரணம் என்னவென்று துரை கேட்டார். கோபுரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு... "குடி!" நீந்தி வந்தவர்கள் இல்லை, இல்லை என்று கதறினார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

அவன் மனைவி அந்தோணியம்மாள் என் வாசலுக்கு வந்தாள்.

"தவசு காலம் முடியுமட்டும் கள்ளத் தொடமாட்டேன்னு மாதாவுக்கு நேந்திருந்தாவ ஐயா. நேர்ச்சைய மீறிச் செத்தவன்னு ஊரு காறித் துப்புது. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். அவிய குடிக்கலன்னு கோவில் முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

பட்டம் வந்தது. யுத்தமும் முடிந்தது. கோபுரத்துக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள், என் செலவில். மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில், மணலில், அந்தோணியம்மாள். இதோ சொல்லப்போகிறார் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசினேன்! மாதாவின் கருணையைப் பற்றி, வரப்போகும் சுதந்திரத்தைப் பற்றி... நன்றாகக் கைதட்டினார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வதில் எனக்கென்ன நஷ்டம்? நீங்கள் அந்த ஊர்க்காரர் இல்லையே! சே... என்ன மனிதன் நான்?

மறுபடி தேர்தல் வருகிறது. அடுத்த வாரம் அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்கப் போகவேண்டும். கோவிலை ஒட்டிய முதல் தெருவில் அவள் வீடு. இந்தத் தடவையாவது சொல்வேனா?

ஊர்வலத்தைப் பின்தெரு வழியாக விடச் சொல்லியிருக்கிறேன்.