பெர்சி ஏறாத உச்சி

பெர்சி பொய்யனாம். எதிர்வீட்டு முரியல் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வாரம் கடலில் வாந்தியெடுத்துக்கொண்டு எங்கள் டிரிஸ்டன் தீவுக்கு வருகிறவர்களுக்கு வெறும் கல்லைக் காட்டி அனுப்பினால் பாவமில்லையா?

வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது பெர்சியின் வேலை. கப்பல் வரும் நாளில் அவன் சட்டையை மட்டுமல்ல, கைக்குட்டையையும் இஸ்திரி போடுவான். படகுத்துறையில் முதல் ஆளாக நிற்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் வெடித்து எரிகுழம்பு வழிந்ததே, அந்தக் கறுத்த மேட்டில் எல்லாரையும் ஏற்றுவான்.

"அப்ப நான் எங்கம்மா வயித்துல அஞ்சு மாசம். சூடு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

வந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

பிறகு மலையுச்சியைக் காட்டுவான். எரிமலையின் வாயில் இதயம்போல ஓர் ஏரி இருப்பதைச் சொல்வான். "கைய விட்டா பல்லு கூசும்" என்பான். அது நிஜம்தான். ஆனால் அவன் கையை விட்டதில்லை. இங்கே மீசை முளைப்பதற்குள் எல்லாப் பையன்களும் ஏறி இறங்கிய மலை அது. பெர்சிக்கு உயரம் என்றாலே தலை சுற்றும்.

"கூரைக்கு வர்ணமடிக்கப் போயி, ஏணியில மூணாம் படியில நின்னுக்கிட்டு, 'ஐவி, என்னை எறக்கிவிடு'ன்னு பொண்டாட்டியக் கூப்பிட்டான், சித்தி" என்றாள் முரியல்.

"நாலாம் படிடி" என்றேன்.

போன கப்பலில் வந்த ஓர் அம்மாள் ஏரியில் மீன் உண்டா என்று கேட்டுத் தொலைத்தாள். "கொழுத்த மீனு. நானே நாலு பிடிச்சேன்" என்றான் பெர்சி. அந்த ஏரியில் ஒரு மீன்கூடக் கிடையாது. பின்னால் நின்றவன் ஹெட்லி, வழிகாட்டிகளுக்கெல்லாம் தலைவன்.

"அடுத்த கப்பலுக்குள்ள உச்சிக்குப் போயிட்டு வா. இல்லேன்னா பெங்குயின் பொம்மை விக்கிற மேசையில ஒக்காரு" என்றுவிட்டான்.

பொம்மை மேசையில் யார் கதை கேட்பார்கள்? பெர்சி மூன்று நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடந்தான். ஐவி பக்கத்தில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் காலுறை பேசும். பிடித்தவனுக்குப் பெண் பின்னும் காலுறையில் வண்ணக் கோடு போடுவாள். எத்தனை கோடோ அத்தனை ஆசை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். பெர்சிக்கு ஐந்து கோட்டுக்குக் குறைந்து அவள் பின்னியதில்லை. தெருவில் நடக்கும்போது அவன் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்வது அதனால்தான்.

இன்று காலை நான் முட்டை கொடுக்கப் போனபோது புதுக் காலுறை மேசைமேல் கிடந்தது. மொட்டை வெள்ளை. பெர்சி அதைப் புரட்டிப் பார்த்தான். உள்பக்கமும் பார்த்தான்.

"கோடு எங்க?"

"நூலு தீர்ந்துபோச்சு."

"கூடையில செவப்பு உருண்டை கெடக்குதே."

"அது ஏறிட்டு வர்றவனுக்கு."

பெர்சி என்னைப் பார்த்தான். நான் முட்டையைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்து அந்தக் காலுறையையே மாட்டினான். ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

எந்நேரமும் மேகத்தில் கிடக்கும் மலை இன்று பார்த்துத் துடைத்துவைத்த மாதிரி உச்சிவரை நின்றது. வாசலில் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தான். பிறகு தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தன் காலடி மட்டும் தெரியும்படி, மலைப்பக்கம் நடந்தான்.