ஆடி முடியட்டும் என்று வைத்திருந்த செக்

இது நடந்து மூன்று ஆடி போய்விட்டது. அப்போது நானும் என் மகளும் பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு மாடி வீட்டில் லீசுக்கு இருந்தோம். லீஸ் என்றால் இங்கே மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை ஓனர் கையில் கொடுத்துவிட வேண்டும், காலி செய்யும்போது அதை அப்படியே திருப்பிக் கொடுப்பார். என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்தவர். சுரங்கம் மூடியபோது வந்த பணத்தையும் அவர் போன பிறகு என் நகையை விற்ற பணத்தையும் சேர்த்துத்தான் அந்த லீசுக்குக் கொடுத்திருந்தோம். எங்களுக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஓனர் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். கன்னடக்காரர், மனைவி இல்லை, பென்ஷன் வாங்குகிறவர். எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவேன். அதைப் பார்த்து, "ஏன்மா, நான் என்ன பஸ்ஸா, இப்படி ஓரம் கட்டுற?" என்று சிரிப்பார்.

அந்த வருடம் அவர் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். எங்களையும் வேறு வீடு பார்க்கச் சொன்னார். பொம்மசந்திராவில் மகள் வேலை செய்யும் கம்பெனி பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்தது. நமக்கு ஆடி போலக் கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாதம், அது நம் ஆடிக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். அது முடியட்டும் என்று ஓனர் காத்திருந்தார். முடிந்த மறுநாளே மேலே ஏறி வந்து செக்கை நீட்டினார். காலி செய்த பிறகு பணம் கொடுப்பதுதான் வழக்கம். இவரோ நாங்கள் சாவி கொடுப்பதற்கு முன்பே கொடுத்தார்.

"புது வீட்டுக்காரன் சும்மா விடுவானா? முதல்ல அவனுக்குக் கட்டு. எங்களுக்கு ஆஷாடா ஆயித்து, இனி தோஷம் இல்லம்மா."

"எங்களுக்கு ஆடி இன்னும் பாக்கி இருக்குதுங்க ஐயா," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே ஊரு, ஒரே மழ, உங்களுக்கு வேற மாசமா? சரி விடு. செக்கு மூணு மாசம் தாங்கும். அவசரம் இல்ல."

ஆடியில் வீடு மாறக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆடியில் கைக்கு வந்த காசு ஆடிக்காற்றோடு போய்விடும் என்று எங்கள் தங்கவயல் லைன் வீடுகளில் சொல்வார்கள். அதனால் பேங்கிலும் போட வேண்டாம், ஆவணி பிறந்ததும் போட்டு அதே வேகத்தில் புது வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் இரண்டு தரம் கேட்டாள். "பேங்க்ல ஏதும்மா ஆடி ஆவணி?" என்றாள். நான் செக்கை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் கீழ்வீட்டுக் கதவு திறக்கவில்லை. பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். எங்களிடம் இருந்த இன்னொரு சாவியால் திறந்து போனால், படுக்கையிலேயே போயிருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தேன். சில்லென்று இருந்தது. ஓனரின் மகனுக்குப் பால்காரர் போன் செய்தார். அவன் வைட்ஃபீல்டிலிருந்து வர வேண்டும்.

விளக்கு எடுக்க மேலே வந்தேன். மகள் கம்பெனி யூனிஃபார்மில் நின்றிருந்தாள்.

"அம்மா, அந்தச் செக்க எடு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் போற வழியில பேங்க்ல போட்டுட்டுப் போறேன். இன்னும் யாருக்கும் தெரியாது. அவரு பையன் வந்து பேங்க்ல சொல்லிட்டா அப்புறம் பணம் வராதும்மா. எங்க சூப்பர்வைசர் வீட்டுல இப்படித்தான் ஆச்சு."

"கீழ அவரு இன்னும் கட்டில்லயே கெடக்குறாருடி."

"அவரு போயிட்டாரு. நாம இருக்கோமில்ல? அது நம்ம காசு. திருடவா சொல்றேன்?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நம் காசுதான். அவர் மனசோடு போட்ட கையெழுத்துதான். ஆனால் சற்று முன்னால் நான் தொட்டு எடுத்து வைத்த கை போட்ட கையெழுத்து அது. வாயில் தண்ணீர் விடக்கூட ஆள் வரவில்லை, அதற்குள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதா? எனக்கு மனசு வரவில்லை. "காரியம் முடியட்டும்," என்றேன்.

"எல்லாத்துக்கும் முடியட்டும் முடியட்டும்னே சொல்லு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கீழே போய்த் தலைமாட்டில் விளக்கேற்றி, மகன் வரும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஆண்ட்டி, நீங்க இல்லன்னா எங்கப்பா அனாதையா கெடந்திருப்பாரு," என்றான்.

பதினோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் செக்கைப் போட்டேன். அதற்குள் ஆவணியும் பிறந்திருந்தது. செக் திரும்பி வந்தது.

பேங்கில் கவுன்டரில் நின்று பேச எனக்கு எப்போதும் கூச்சம். பாஸ்புக்கை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல் கேட்டேன். அங்கே இருந்த பெண் செக்கையும் அதோடு பின் போட்டிருந்த சீட்டையும் எடுத்துப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டவரு தவறிட்டாரு, அதனால திருப்பிட்டாங்கம்மா."

"அவரு கணக்குல காசு இல்லயாம்மா?"

"காசு எவ்வளவு இருந்தாலும் சரி. ஆளு இறந்துட்டாருன்னு பேங்குக்குத் தகவல் வந்துட்டா, அதுக்கப்புறம் அவரு செக்குக்குப் பணம் குடுக்கக்கூடாது. அது ரூல்ஸ். தகவல் வர்றதுக்கு முன்னாடி போட்டிருந்தீங்கன்னா பாஸ் ஆகியிருக்கும்."

பென்ஷன் வந்த கணக்கு என்பதால் மகன் மூன்றாம் நாளே போய்ச் சொல்லியிருக்கிறான். பிறகு அவனே சொன்னான்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்தினாள். "வீடு இன்னும் உங்க கையிலதான இருக்கு? செக்கையும் இந்தச் சீட்டையும் பத்திரமா வைங்க. வாரிசுங்ககிட்டத்தான் கேட்கணும். பணம் கைக்கு வர்ற வரைக்கும் சாவிய மட்டும் குடுத்துடாதீங்க." பெற்ற மகள் என்னோடு பேசாமல் இருந்த நேரம் அது. யாரோ ஒரு பெண் அப்படிச் சொன்னதும் அங்கேயே கண் கலங்கிவிட்டது.

மகனிடம் போனேன். என் கையைப் பிடித்து அழுதவனா இவன் என்று இருந்தது.

"அப்பா செக் குடுத்தது எனக்கு எப்படித் தெரியும் ஆண்ட்டி? அந்த அக்கவுன்ட்ட நானே இன்னும் தொட முடியல. அக்காங்க ரெண்டு பேர் இருக்காங்க. நீங்க முதல்ல கீ குடுங்க, அப்புறம் பாக்கலாம்."

"பணம் குடுத்ததும் குடுத்துடுறேன் தம்பி."

"அப்பவே ஏன் பேங்க்ல போடல? இத்தன நாளா என்ன பண்ணீங்க?"

ஆடி என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

பொம்மசந்திரா வீடு கைவிட்டுப் போயிற்று. நாங்கள் இருந்த வீட்டில் ஓனர் மகன் தண்ணீர் மோட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டான். தெருக்கோடியிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமந்தேன். கரன்ட்டும் நின்றது. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. வக்கீல் ஒருவர், கேஸ் போட்டால் கிடைக்கும், ஆனால் வருடக்கணக்காகும் என்றார். வருடக்கணக்கில் காத்திருக்க எனக்கு வயதும் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. மகள் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். இருட்டில் வந்து, பாத்திரத்தில் மூடி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுப்பாள். பக்கத்து வீட்டார் எப்போதாவது விசாரித்தால், "எங்கம்மா பேங்குக்கே நல்ல நேரம் பாத்தவங்க," என்பாள். எனக்குக் கேட்கும்படிதான் சொல்வாள்.

மறு வருடம் வீட்டை விற்க ஆள் வந்தபோதுதான் மகன் இறங்கி வந்தான். தெருவில் நாலு பேர் முன்னால் பாதிப் பணம் தந்தான். முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். பாதியாவது வந்ததே என்றார்கள். சாவியை அன்றைக்குக் கொடுத்தேன். அது கையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாதியும் வந்திருக்காது. பேங்கில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பிறகு போனேன், அவளுக்கு மாற்றலாகியிருந்தது.

இப்போது ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் மறுபடியும் பேசுகிறாள். ஆனாலும் மாதம் பிறந்து வாடகை எண்ணும்போது அவள் என் பக்கம் திரும்புவதில்லை.

அந்தக் காலையில் நான் செக்கை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுபடி அப்படி ஒரு காலை வந்தாலும் விளக்கை எடுத்துக்கொண்டு கீழேதான் போவேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் உயிரோடு, கீழே ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்த அந்த நாட்களில் பேங்குக்கு நடந்து போவதை விட்டுவிட்டு மாதம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதற்கு மட்டும் என் மகளுக்குச் சொல்ல இன்றுவரை என்னிடம் ஒரு பதிலும் இல்லை.