தெரியாததை முதலில் சொன்ன ஹபிபா

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் நின்றுகொண்டிருந்தபோது ஹபிபாவின் தம்பி அழைத்தார். “அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கடலைக் கடந்து ஹபிபாவோடு வேலைக்குப் போனவன் நான். அன்றுதான் ஃபெரி மெதுவாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் ஹபிபாவை உங்களில் பலருக்குத் தெரியும், எங்கள் வேலை தெரியாது. வலிப்பு நோயாளிகளின் இரத்த அணுக்களை ஸ்டெம் செல்லாக மாற்றி, பயறளவு மூளைத் திசு உருண்டைகளாக வளர்ப்போம். ஆர்கனாய்டு என்பார்கள். நோய் எங்கே தொடங்குகிறது என்று அதில் பார்க்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றுக்குச் சத்து நீர் மாற்ற வேண்டும். தீபாவளியன்று அவர் மாற்றுவார், நோன்புப் பெருநாளன்று நான். “பசிக்கு ஏது பப்ளிக் ஹாலிடே?” என்பார். தீபாவளி வேலை முடிந்ததும் செபராங் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, முறுக்கில் உப்பில்லை என்று குறை சொல்லியபடியே டப்பாவைக் காலி செய்வார்.

வினையை இழுத்துவிட்டவன் நான்தான். பேட்டி எடுக்க வந்த நிருபரிடம், “பினாங்கில் குட்டி மூளை வளர்க்கிறோம்” என்று வாய்ச்சவடால் அடித்தேன். அதையே தலைப்பாகப் போட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் பாலிக் புலாவிலிருந்து லெட்சுமி அக்கா வந்து நின்றார். வலிப்பால் அவதிப்படும் அவர் மகனின் இரத்தத்திலிருந்துதான் எங்கள் முக்கியமான உருண்டைகள் வளர்ந்திருந்தன.

“என் மவன் மூளைய இங்க வச்சிருக்கீங்களாமே டாக்டர். அதுக்கும் வலிப்பு வருமா? வலிக்குமா?”

“வலிக்காது” என்று சொல்லி அனுப்ப நான் வாயெடுத்தேன். ஹபிபா கையமர்த்தினார். உருண்டையை நுண்ணோக்கியில் காட்டினார். “இது உங்க மவன் மூளை இல்லக்கா. வலி தெரியிற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்லன்னுதான் நெனைக்கிறோம். ஆனா நூத்துக்கு நூறு தெரியுமான்னு கேட்டா, தெரியாது.”

லெட்சுமி அக்கா இன்னொரு முறை நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். பிறகு, “அப்ப வேணாம் டாக்டர்” என்றார்.

ஒன்பது மாத உழைப்பு. படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று நான் கத்தினேன். “கையெழுத்து வாங்கினோம் குமார், சம்மதம் வாங்கல” என்றார் ஹபிபா. அந்தப் பையனின் இரத்தத்தில் வளர்ந்த எல்லா உருண்டைகளையும் அன்று மாலையே தன் கையாலேயே அழித்தார். அந்த ஆண்டு எங்கள் ஆய்வுக் கட்டுரை வரவில்லை. அதற்காக அவர் என்னைத் திட்டவும் இல்லை. “இனிமே பேப்பர்காரங்க வந்தா செல் உருண்டைன்னு சொல்லு. சப்புன்னு இருக்கும், இருக்கட்டும்” என்றதோடு சரி. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு இரத்தம் தரும் ஒவ்வொரு குடும்பத்தோடும் அவரே உட்கார்ந்து பேசினார். ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் சம்மதமா என்று திரும்பவும் கேட்டார். இதற்குள் வெளிநாடுகளில் மூளையின் வெவ்வேறு பகுதி உருண்டைகளை ஒன்றாக இணைத்தார்கள், இரத்த நாளம் வளர்க்க முயன்றார்கள், கணினிச் சில்லோடு பொருத்தியும் பார்த்தார்கள். நாம் பின்தங்குகிறோம் என்று நான் புலம்புவேன். “ஓடறவங்க ஓடட்டும்லா. நாம கேட்டுக்கிட்டே போவோம்” என்பார். குட்டி மூளை என்று சொல்லாதீர்கள் என்று இன்று பெரிய ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியபோது சிரித்தாரே தவிர, பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் லெட்சுமி அக்கா நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ஒரு டாக்டர் வாயில தெரியாதுன்னு கேட்டது அன்னிக்குத்தான் தம்பி. அதனாலதான் அவங்கள நம்புனேன். இப்ப மவன் பெரியவனாயிட்டான். இரத்தம் குடுக்கிறேன்னு அவனே சொல்றான். அவங்ககிட்ட சொல்லத்தான் இருந்தேன், அதுக்குள்ள…”

ஆய்வகத்தில் எங்களுக்கு இன்று மிகத் தேவையான இரத்தம் அது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஹபிபாவின் புத்தகங்களை அவர் தம்பி எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹபிபாவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அவை அல்ல என்று அப்போது தெரிந்தது.

ஒரு நாற்காலியை இழுத்து லெட்சுமி அக்காவை உட்காரவைத்தேன்.

“மவனையும் கூட்டிட்டு வாங்கக்கா. எங்களுக்கு என்னென்ன தெரியாதுன்னு அவன்கிட்ட மொதல்ல சொல்லிடறேன்.”