கையை இறக்க ஓர் ஆள்

காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. மர்ஸியா அப்போது அடுப்படியில் பெரிய தேநீர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினான்காம் எண் வீட்டுக் கியெம் பின்கதவைத் தட்டினான். காலில் அவன் அம்மாவின் ரப்பர் செருப்பு, ஒரு சுற்றுச் சின்னது.

"அம்மா எழுந்திருக்கல," என்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்ததும், "இனிமே எழுந்திருக்க மாட்டாங்க," என்றான்.

அன்று பதினோரு மணிக்கு ஏலம். ஏலத்துக்கு வந்தது மர்ஸியாவும் அவள் கணவன் குர்பானும் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் இருபத்திரண்டாம் எண் வீடு. வீட்டுக்காரர் விற்க முடிவு செய்துவிட்டார். வேறு யாராவது எடுத்தால் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். டாண்டினாங் புறநகரில் இன்றைக்கு ஒரு வாடகை வீட்டுக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பிள்ளைகள் என்றதும் தரகர் விண்ணப்பத்தை அடியில் செருகிவிடுவார். அதனால் அவர்களே ஏலம் கேட்பதென்று முடிவாகியிருந்தது. கேட்கப் போவது மர்ஸியா. அவள் பக்கத்தில் நின்று வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளப் போவது கியெமின் அம்மா. அந்தக் கைதான் இப்போது இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் ஹுயின் தி ஞான் என்பது தெருவில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. தெற்கு வியட்நாமில் தலைப்பிள்ளையை இரண்டாமவர் என்பார்கள். அந்தக் கணக்கில் ஏழாவதாகப் பிறந்தவர் எட்டாமவர். எட்டாம் அத்தை, கோ தாம். மாலட் தெருவில் கம்போடியருக்கும் சூடானியருக்கும் பஞ்சாபிகளுக்கும் மர்ஸியா போன்ற ஆப்கானிய ஹஸாராக்களுக்கும் அவர் கோ தாம்தான்.

எண்பத்தொன்றில் படகில் வந்தவர். கார் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருக்கை உறை தைத்தார். எண்பத்தொன்பதில் பதினான்காம் எண் வீட்டை ஏலத்தில் எடுத்தார்கள், அவரும் கணவர் லோக்கும். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் லோக் வாசல் கதவருகே நின்றார். இவர் மரத்தடியில். விலை ஏறியது. மரத்தடியிலிருந்து இவர் கை தூக்க, கதவருகிலிருந்து யாரோ ஏற்ற, இவர் விடாமல் மேலும் ஏற்ற, அப்படி நாலாயிரம் டாலர் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த போலந்துக் கிழவிதான் கடைசியில், "ரெண்டு பேரும் ஒரே கார்லதான வந்தீங்க?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. ஏலக்காரரும் சிரித்தார், ஆனால் விலையை இறக்கவில்லை.

அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை. அதை வைத்துக்கொண்டு அழவும் இல்லை. தெருவில் அடுத்த ஏலம் வந்தபோது, கம்போடியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பழுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். புருஷனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். வீட்டிலேயே ஒரு தொகை சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகை வந்ததும் அவர் கை அழுத்தும். கை இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் செய்தது.

"கை தூக்க எல்லாருக்கும் வரும்," என்பார். "இறக்கறதுக்குத்தான் ஓர் ஆள் வேணும்."

முப்பது வருடத்துக்கு மேல் இப்படி நின்றார். எத்தனையோ பேருக்கு வீடு அமைந்தது. அமையாமல் போனவர்கள் அவரைத் திட்டினார்கள். ஆறு மாதம் கழித்து, கடனில் முழுகாமல் தப்பித்ததற்காகக் கோழியோடு வந்தார்கள். ஒரு தரகர், ஆள் பிடித்துக் கொடுத்தால் பங்கு தருகிறேன் என்று ஒருமுறை கேட்டாராம். "நான் கையப் புடிக்கறவ. நீங்க கால வாரச் சொல்றீங்க," என்று அனுப்பிவிட்டார்.

வீடு அமைந்தவர்களுக்கு அவர் கொடுப்பது ஒன்றே ஒன்று: முன்ஜன்னலுக்குத் திரை. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். பலபேர் வருடக்கணக்கில் ஜன்னலில் போர்வையைச் செருகி வாழ்ந்திருப்பார்கள். சொந்த வீட்டில் முதலில் அடிக்கும் ஆணி திரைக்காக இருக்கட்டும் என்பார். ஏலம் முடிகிறவரை மட்டும் துணியில் கத்திரி வைக்க மாட்டார். அபசகுனமாம்.

தெருவில் யார் யாருக்கு விற்றார்கள் என்பது அவருக்கு மரங்களாக நினைவிருந்தது. மால்டாக்காரர் போனார், அத்திமரம் நின்றது. கிரேக்கர் போனார், எலுமிச்சை நின்றது. கம்போடியர் வந்து எலுமிச்சை அடியில் எலுமிச்சைப்புல் வைத்தார். அதையும் தாண்டி ஆப்கானியர் வந்து, வேலியோரம் புதினா ஓடியது. "போறவங்க மரத்தத் தூக்கிட்டுப் போக முடியாதில்ல. நம்ம தெருவுல யாரும் முழுசாப் போனதில்ல," என்று ஒருநாள் மர்ஸியாவின் அத்திமரத்தடியில் நின்று சொன்னார். பழத்தைக் கேட்காமலே பறித்துத் தின்றுகொண்டே சொன்னார்.

குணம் எல்லாம் பஞ்சுமெத்தை இல்லை. அறிமுகமான பத்தாவது நிமிடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். பிள்ளை குண்டாகிவிட்டது என்று பிள்ளையிடமே சொல்வார். குர்பானிடம் முகத்துக்கு நேராக, "உன் கைய நம்ப முடியாது," என்றார். காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு பக்கத்து ஊரான நோபிள் பார்க்கில் ஒரு வீட்டுக்கு ஏலம் கேட்கப் போன குர்பான், எதிரில் நின்றவன் பார்த்த பார்வை பிடிக்காமல், வைத்திருந்த தொகைக்கு மேல் முப்பதாயிரம் ஏறிவிட்டான். அந்த இன்னொருவன் அதற்கும் மேலே கேட்டதால் பிழைத்தான். கதையைக் கேட்ட கோ தாம், "அவன் வீடு தெரிஞ்சா ஒரு கோழி வாங்கிக் குடு," என்றார். அன்றைக்கே தீர்ப்பும் ஆகிவிட்டது: இனி மர்ஸியாதான் கேட்பாள்.

ஆனால் மர்ஸியாவும் ஒரு தப்புச் செய்திருந்தாள். அதை ஒரு ஹஸாராப் பெண் மட்டும்தான் செய்திருக்க முடியும்.

ஏலத்துக்கு முந்தைய நாலு சனிக்கிழமைகளில், வாங்க விரும்புகிறவர்கள் வீட்டைப் பார்க்க அரை மணி நேரம் திறந்துவைப்பார்கள். குடியிருப்பவர்கள் வெளியே போய்விடுங்கள் என்று ஏலக்காரர் கொஸ்டாஸ் சொல்லியிருந்தார். மர்ஸியாவால் அது முடியவில்லை. வாசலேறி வந்தவர்களுக்கு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் ஊற்றினாள். உலர்ந்த முசுக்கட்டைப் பழம் வைத்தாள். இரண்டாம் வாரம் உருளைக்கிழங்கு வைத்த போலானி ரொட்டியும் சுட்டாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். அரை மணி ஒரு மணியானது. பழைய பலகை வீடு அவர்களுக்கு அரண்மனையாகத் தெரிந்தது. கொஸ்டாஸுக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் சனிக்கிழமை வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுக் கோ தாம் உள்ளே வந்தார். மர்ஸியாவை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போய், "இது வீடு பாக்க வந்த கூட்டமா, கல்யாணப் பந்தியா?" என்றார். "உன் எதிராளிக்கு நீயே தீனி போட்டு வளக்கற. வெல ஏறுனா யாரு கட்டுவா, உன் தேக்கரண்டியா?"

"படியேறி வந்தவங்கள எப்படி கோ வெறும் வாயோட அனுப்பறது?"

கோ தாம் அடுப்படி வாசலிலிருந்து கூடத்தைப் பார்த்தார். ஜக்ரூப் என்ற பஞ்சாபிக்காரர் தன் மனைவியோடு தரையில் சம்மணமிட்டு இரண்டாவது கோப்பையை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கோ தாம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி. ஊத்துனது ஊத்தியாச்சு. ஏலத்தன்னிக்கும் போடு. பெரிய பானையில போடு," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு முசுக்கட்டைப் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தொகையையும் அன்றுதான் முடிவு செய்தார்கள். வங்கிக் கடனோடு எல்லாம் திரட்டி ஏழு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் வந்தது. "பத்துல நிக்காத. எல்லாரும் முழு எண்ணப் பாத்துத்தான் வீட்டுலேர்ந்து கெளம்புவாங்க. நீ பன்னெண்டு வெச்சுக்கோ," என்றார். அந்த இரண்டாயிரத்துக்கு மர்ஸியா இரண்டு வளையல்களை விற்றாள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அந்தக் காலை வந்தது. கியெம் போனதும் குர்பான் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். வேண்டாம், விட்டுவிடலாம் என்றான். பிறகு, நான் பிடித்துக்கொள்கிறேன் உன் கையை என்றான். சொன்ன பிறகு தன் கைகளையே பார்த்தான். மர்ஸியா மாவு டப்பாவை எடுத்தாள்.

இறந்தவர் பெயரில் எண்ணெய் வாசம் எழுப்ப வேண்டும் என்பது ஹஸாராக்களின் வழக்கம். எண்ணெயைக் காயவைத்து மாவைச் சிவக்க வறுத்து, சர்க்கரைப் பாகு ஊற்றி ஹல்வா கிண்டி, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த வாசம் இறந்தவர்களை எட்டும்.

"அவங்க நம்ம வழியில இல்லையே," என்றான் குர்பான் மெதுவாக.

"ஒன்பது வருஷமா நம்ம சமையல் வாசத்துக்குத்தான் வேலியத் தாண்டி வந்தாங்க," என்றாள் மர்ஸியா. "இன்னிக்கு மட்டும் வழி தெரியாமப் போயிருமா?"

பத்தரைக்குத் தெருவில் ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் வாங்க வராதவர்கள். மாலட் தெருவில் ஏலம் என்றால் அக்கம்பக்கம் வந்து நிற்கும். மர்ஸியா நடைபாதையில் மேசை போட்டுத் தேநீர் ஊற்றினாள். குர்பான் இரண்டு கைகளாலும் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு ஹல்வா கொடுத்தான். எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கோ தாமின் பெயரைச் சொன்னாள். கேட்டவர்கள் பதினான்காம் எண் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நின்றபடியே தின்றார்கள். கொஸ்டாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தகப்பனும் இதே ஊரில் ஏலக்காரராக இருந்தவர்.

"அந்தம்மா நிக்காம இந்தத் தெருவுல நான் ஏலம் விட்டதே இல்ல," என்றார். "எனக்கு எவ்வளவு கமிஷன் போச்சுன்னு கணக்கே கிடையாது." சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஒருவன் மட்டும் எதையும் வாங்கவில்லை. வெள்ளைக் காலணி, காதில் போன். வீட்டை இடித்து, அத்திமரத்தைப் பிடுங்கி, அந்த நிலத்தில் நாலு வீடு அடுக்கி விற்கும் ஒரு கட்டடக்காரரின் ஆள். தனக்குச் சர்க்கரை என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

ஏலம் ஆறு லட்சத்து இருபதாயிரத்தில் தொடங்கியது. ஜக்ரூப்பும் போன்காரனும் பத்துப் பத்தாயிரமாக ஏற்றினார்கள். வேகம் தளர்கிறவரை வாயைத் திறக்காதே என்பது கோ தாமின் உத்தரவு. மர்ஸியா காத்திருந்தாள். ஆறு எழுபதில் வேகம் தளர்ந்தது. அவள் கை தூக்கினாள்.

"ஆறு எண்பது," என்றார் கொஸ்டாஸ்.

ஜக்ரூப் திரும்பிப் பார்த்தார். கையில் அவள் ஊற்றிய தேநீர் பாதி இருந்தது. இந்தப் பெண்ணும் கேட்கிறாள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. மனைவியைப் பார்த்தார். அந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு அவர் கை மேலே போகவில்லை.

இனி இரண்டே பேர். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. ஏழு லட்சம் வந்ததும் வீட்டுக்காரர் தலையசைத்தார். அவர் மனதில் வைத்திருந்த விலை அது; இனி கடைசியாகக் கேட்கிறவருக்கு விற்பனை உறுதி. மர்ஸியா ஏழு ஐந்து என்றாள். போன்காரன் ஏழு பத்து என்றான்.

குர்பான் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். அவன் தட்டைக் கீழே வைக்கவில்லை. மர்ஸியா தன் வலது மணிக்கட்டைத் தன் இடது கையாலேயே பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே தூக்கினாள்.

"ஏழு பன்னிரண்டு," என்றாள்.

போன்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். அவன் முதலாளி பத்தோடு நிறுத்தச் சொல்லியிருந்தார் போல. கொஸ்டாஸ் ஒருமுறை சொன்னார், இரண்டாம்முறை சொன்னார். மூன்றாம்முறைக்கு முன் போன்காரனை நேராகப் பார்த்து, போதிய நேரம் கொடுத்தார். அவன் தலையை ஆட்டினான். கொஸ்டாஸ் சுருட்டிய காகிதத்தை உள்ளங்கையில் அடித்தார்.

தெரு கைதட்டியது. மர்ஸியாவின் கை மட்டும் மேலேயே இருந்தது. முடிந்துவிட்டது என்று தெரிந்தும் இறங்கவில்லை. குர்பான் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு வந்து, இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஜக்ரூப் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "பெஹன்ஜி, நீங்களும் கேக்கறீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டாவது கப் குடிச்சிருக்க மாட்டேன்," என்றார். "உப்பத் தின்னாச்சு. இனி என்ன பண்றது?" கோ தாம் அன்று கூடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றது எதைக் கண்டு என்பது மர்ஸியாவுக்கு அப்போது புரிந்தது.

கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, மீதி ஹல்வாவைத் தட்டில் மூடிக்கொண்டு மூன்று மணிக்குப் பதினான்காம் எண் வீட்டுக்குப் போனார்கள். கோ தாமின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. கியெம் ஹல்வாவை வாங்கிப் படத்தருகே வைத்தான். பிறகு, உங்களுடையதுதான் என்று நினைக்கிறேன் என்று சொல்லி, பின்னறைக்குக் கூட்டிப்போனான்.

தையல் இயந்திரத்தில் அத்தியிலை நிறத் துணி இருந்தது. இருபத்திரண்டாம் எண் வீட்டு முன்ஜன்னலின் அளவு, ஓர் உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. ஏலத்துக்கு முன்பே துணியில் கத்திரி வைத்திருந்தார். ஒரு திரை தைத்து மடித்து நாற்காலியில் இருந்தது. இன்னொன்றின் அடிமடிப்பு நெடுக குண்டூசிகள். அதில் ஒரு சாண் தூரம்தான் தையல் ஓடியிருந்தது. ஊசி துணியில் இறங்கியபடியே நின்றது.