உட்கார்ந்து பார்க்கும் வேலை

பனியன் கம்பெனியில் சேர்ந்த ஏழாம் வருஷம் என் கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொண்டது. அப்போதெல்லாம் துணி பின்னுகிற மிசினை நின்றபடி கையால்தான் சுற்ற வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் செக்காட்டுவது. தாராபுரத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். வாசலில் கூட்டமே இருக்காது. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உக்காந்து பாக்கற வேலையாத் தேடுங்க" என்றார். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கரண்டில் ஓடும் மிசின் வந்தது. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் என்றார் முதலாளி. பக்கத்து மிசின்காரர் சேவூர்க்காரர், என்னைப் போலவே கைநாட்டு.

"ஆட்டமாட்டிக்குங்களா? அப்ப நாம இனி ஆட்ட மாட்டமுங்க!" என்றார்.

நானும் அதை நம்பினேன். ஒரு முக்காலியைக் கொண்டுபோய் மிசின் பக்கத்தில் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். கால் வீக்கம் வற்றியது. நான்காம் நாள் முதலாளி வந்து நின்றார்.

"ஏனுங்க, சும்மாவா உக்காந்திருக்கறீங்க?"

"நூலு அறுந்தா அதே நின்னுக்குதுங்க. முடிச்சுப் போட்டு வுட்டாப் போதுமுங்க."

"அப்பச் செரி. இன்னும் மூணு மிசினச் சேத்துப் பாத்துக்குங்க."

அந்த மூன்றையும் பார்த்தவர்கள் வேறு கம்பெனி தேடிப் போனார்கள். ஒன்றுக்கு முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் மூலையில் இருப்பது நிற்கும். கையால் சுற்றிய காலத்தில் நான் ஓய்ந்தால் மிசினும் ஓய்ந்தது. இது என்னைக் கேட்டு ஓடவில்லை. முக்காலியில் நூல் பெட்டியை ஏற்றிவிட்டார்கள். "இப்பத்தானுங்க நெசமாலுமே செக்கு மாடு" என்பார் சேவூர்க்காரர். அவரும் ஓடிக்கொண்டேதான் சொல்வார்.

ஒன்றரை வருஷம் இழுத்தேன். ஒரு நாள் நரம்பு வெடித்து வேட்டியெல்லாம் ரத்தம். காலில் கட்டோடு முதலாளியிடம் போய், பனியன் மடிக்கிற பக்கம் போடச் சொன்னேன்.

"அது பொம்பளைங்க வேலையாச்சேங்க."

"உக்காந்து பாக்கறதுங்க."

அவர் என் காலைப் பார்த்தார். சரி என்றார்.

மடிக்கிற அறையில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கண்ணா, ஒரு சீலையுங் கட்டீட்டு வந்திருக்கலாமுல்ல" என்று ஒருத்தி சிரித்தாள்.

"மொதல்ல எடங் குடு அம்மிணி" என்று உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப்புறம் ஏதோ ஒரு மிசின் நின்றது. அத்தனை இரைச்சலில் ஒன்று குறைந்தது காதுக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கீங்கண்ணா போறீங்க?" என்றாள் அவள். "உக்காருங்க."