இளையபெருமாள் யோசித்த விதம்

செஞ்சியை விட்டுத் திண்டிவனம் சாலையில் கொஞ்சம் போனாலே அந்த எண்ணெய் மில்லின் நாற்றம் வந்துவிடும். வேர்க்கடலைப் பருப்பு ஆவியில் வேகும் வாசனை முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அதற்கு அடியிலிருந்து சிக்கெண்ணெயும் ஊசிப்போன பிண்ணாக்கும் கிளம்பி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். நான் இருப்பது என் அக்காள் சின்னப்பொண்ணு வீட்டில். அவள் தன் கணவர் இளையபெருமாளின் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அது போனதில்லை. அவர் தூங்கிவிட்டதால்தான் வேலை போனது என்று பஜாரில் சொல்கிறார்கள். அவர் தூங்கவில்லை. நடந்தது வேறு. எனக்குத் தெரிந்தவரை அதை எழுதுகிறேன்.

அவர் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள், கடலை பிடுங்கியவர்கள். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் இளையபெருமாள். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரியும் என்பதால் மில்லில் மூட்டை தூக்க விடாமல் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். பருப்பை வேகவைக்கும் கலன்களுக்கு எவ்வளவு ஆவி போகவேண்டும் என்பதை அந்த அறையிலிருந்துதான் கவனிக்க வேண்டும். சுவரில் வட்ட வட்டமாக மீட்டர்கள். கீழே திருகி மூடும் சக்கரங்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அதன் வழியாக மில் முழுவதும் தெரியும். வேலை கௌரவமானதுதான். ஆனால் பல வருஷமாகத் தற்காலிகம். வேலை நிரந்தரமானால் கூரையை எடுத்துவிட்டு ஓடு போடலாம் என்று அக்காள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பெரிய மீட்டரில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. ஊசி அதைத் தொட்டால் ஆவியை மூடவேண்டும். மூடினால் கலனில் இருக்கும் பருப்பு பாதி வேக்காட்டில் ஆறிப்போகும், எண்ணெய் இறங்காது, மில் அரை நாள் நிற்கும். கடலை வரத்து அதிகமான காலத்தில் மேனேஜர் விநாயகம் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். ஒருநாள் வெற்றிலை போடும்போது விரலில் இருந்த சுண்ணாம்பை எடுத்து, சிவப்புக் கோட்டைத் தாண்டி மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். அதுவரைக்கும் போகலாம் என்றார். அன்றிலிருந்து சிவப்புக் கோடு யாருக்கும் கணக்கில்லை. ஊசி பொட்டுக்கு அருகில் வந்தால் இளையபெருமாள் கண்ணாடி வழியாக மேனேஜரின் முகத்தைப் பார்ப்பார். மேனேஜர் இவர் பக்கம் பார்த்துவிட்டுச் சும்மா வெற்றிலையை மென்றால், விட்டுவிடு என்று அர்த்தம். கையைத் தூக்கினால் மூடவேண்டும். மேனேஜர் இல்லாவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்கவேண்டும். இவ்வளவுதான் அந்த வேலையில் யோசனை.

ஆட்சி மாறிய வருஷம், தேர்தலுக்குச் சில மாதம் கழித்து, சாந்திராஜ் என்பவர் மெட்ராஸிலிருந்து வந்தார். பூர்வீகம் மேல்மலையனூர்ப் பக்கம், சமண நயினார் குடும்பம். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் எப்படி யோசிக்கிறார்கள், எதைப் பார்த்து எந்த முடிவுக்கு வருகிறார்கள் என்பதைப் படமாக வரைவது அவருடைய ஆராய்ச்சி. கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைப்பார். அப்படி ஒரு படம் சரியாக வந்துவிட்டால் புதிய ஆளைப் பழக்குவது சுலபம், விபத்தும் குறையும் என்று நம்பினார். நல்ல மனிதர். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதில் தப்பில்லை.

அவர் வருவதற்கு முன்பே விநாயகம் ஈரத்துணியால் சுண்ணாம்புப் பொட்டைத் துடைத்துவிட்டார். சாந்திராஜ் இருந்த நாட்களில் அடுப்பை மட்டாக எரிக்கச் சொன்னார். ஊசி சிவப்புக் கோட்டின் பக்கமே போகவில்லை. ஆகவே சாந்திராஜ் கற்பனையாகத்தான் கேட்கவேண்டியிருந்தது. ஊசி கோட்டைத் தொட்டால் முதலில் என்ன நினைப்பீர்கள், பிறகு எதைப் பார்ப்பீர்கள் என்று. அவர் இளையபெருமாளை நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் என்று பேசினார்.

இளையபெருமாள் என்ன நினைக்கிறார் என்று அந்த மில்லில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் மில்லின் விதிப் புத்தகத்தில் இருப்பதை எல்லாம் அழகாகச் சொன்னார். கோட்டைத் தொடுவதற்கு முன்பே கவனிப்பேன், இரண்டாவது மீட்டரோடு ஒப்பிடுவேன், தொட்டதும் யாரையும் கேட்காமல் மூடுவேன் என்றார். சாந்திராஜ் சந்தோஷத்தோடு எழுதிக்கொண்டார். அன்று இளையபெருமாள் வீட்டுக்கு வந்து, "இவ்ளோ தெளிவா யோசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டாரு புள்ள" என்று அக்காளிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாக விநாயகமும் சொல்லியிருந்தார்.

சாந்திராஜ் போனதும் விநாயகம் மறுபடி பொட்டு வைத்தார். பழைய இடம் எது என்று யாரையும் கேட்கவில்லை. குத்துமதிப்பாக, பேசிக்கொண்டே வைத்தார். அது முன்னைவிட மேலே இருந்தது. இளையபெருமாள் பார்த்தார். மேனேஜருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

அடுத்த மழைக்கு முன்னால் கடலை மூட்டைகள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. அடுப்பு முழு வேகத்தில் எரிந்தது. ஊசி சிவப்பைத் தாண்டியது. பழைய பொட்டு இருந்த இடத்தையும் தாண்டியது. மேனேஜர் எடை போடும் இடத்தில் வியாபாரி ஒருவரோடு சிரித்துக்கொண்டிருந்தார். இவர் பார்த்தார், அவரும் பார்த்தார், கையைத் தூக்காமல் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ஊசி புதுப் பொட்டைத் தொடுவதற்கு முன்பே கலனுக்கு மேலே குழாய் மூட்டு பிய்த்துக்கொண்டது. கீழே நின்ற அடுப்புக்காரர் கோவிந்தசாமியின் இடது கையும் தோளும் ஆவியில் வெந்துபோயின. சட்டையை எடுத்தபோது தோலும் கூட வந்தது. அன்றைக்கும் மில்லில் அதே வேர்க்கடலை வாசனைதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலை அவிப்பதில்லை.

விசாரணைக்கு முன்னால் விநாயகம் எங்கள் வீட்டுக்கே வந்தார். கண் அசந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், கிடங்கில் வேலை உண்டு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். வாசலிலேயே துப்பினார். அக்காள் சாணி கரைத்துத் தெளித்தாள்.

விசாரணை மில் ஆபீசில் நடந்தது. கோவிந்தசாமியின் மனைவி மீனம்பாளையும் கூப்பிட்டிருந்தார்கள். சாந்திராஜையும் மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மேசைமேல் அவருடைய படம் விரித்துக் கிடந்தது. ஊசி கோட்டைத் தொட்டதும் ஆபரேட்டர் தானாக மூடுவார் என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. இவ்வளவு தெரிந்தவன் மூடவில்லை என்றால் தூங்கியிருக்கத்தானே வேண்டும் என்றார் விநாயகம். விசாரிக்க வந்த அதிகாரி இளையபெருமாளைப் பார்த்து, இது நீ சொன்னதுதானே என்று கேட்டார்.

இளையபெருமாள் ஒருமுறை மீனம்பாளைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன் சார். ஆனா அது பொய்" என்றார். "நான் ஊசியப் பாத்து முடிவு பண்றதில்ல. மேனேஜர் மூஞ்சியப் பாத்துத்தான் பண்றேன். இந்த மெட்ராஸ் சாரு மரியாதையாக் கேட்டாரு. நல்லா சொல்லணும்னு ஆசையாப் போச்சு."

பொட்டைப் பற்றியும் சொன்னார். எந்தப் பொட்டு என்று கேட்டார் விநாயகம். போய்ப் பார்த்தார்கள். மீட்டர் கண்ணாடி பளபளவென்று இருந்தது. சாந்திராஜ் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மேனேஜர் முகத்தை நான் எந்தக் கட்டத்தில் போடுவது என்று மெதுவாகக் கேட்டாராம். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார் என்கிறாள் மீனம்பாள். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு அங்கே கேட்க எத்தனையோ இருந்தது. கேட்காமல் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆபரேட்டர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று அதிகாரி எழுதினார். வேலை போயிற்று.

இளையபெருமாள் இப்போது சிங்கவரத்தில் கூலிக்குப் போகிறார். போன வாரம் மீனம்பாள் வந்தாள். அக்காள் அவளை உள்ளே கூப்பிடவில்லை. மீனம்பாள் நின்றபடியே சொன்னாள். கோவிந்தசாமிக்கு மில் வாசலில் வாட்ச்மேன் வேலை தருகிறார்களாம். பதிலுக்கு, இளையபெருமாள் தூங்கியதை நேரில் பார்த்தேன் என்று அவர் கைநாட்டு வைக்கவேண்டுமாம்.

"உங்கள கேக்காம வெக்கமாட்டேன்னு ஒக்காந்துனு இருக்குது அந்த ஆளு. இன்னாண்ணே சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். அக்காள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இளையபெருமாள் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"வெக்கச் சொல்லு மீனம்பா" என்றார். "ஆம்பளைக்கு இடது கை ரேகைதான் கேப்பாங்க. வலது கையில வெச்சா ஒத்துக்குவாங்களான்னு மட்டும் மொதல்ல கேட்டுக்கச் சொல்லு."