பதினான்கரை யானையும் முழங்கால் ஆடும்

ஸ்டென்சில் வேலையில் சுவர் நம் பேச்சைக் கேட்கும். சுவருக்குச் சொந்தக்காரர்கள்தான் கேட்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய் அடுத்தவர் சுவரில் வேலை பார்த்து, அடுத்தவர் ரசனைக்குத் தலையாட்டிப் பிழைக்கும் அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குத்தான் இடுப்பு வலிக்கும்.

வேலை இதுதான். பிளாஸ்டிக் தகட்டில் மான், மயில், நிலா என்று உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தகட்டைச் சுவரில் ஒட்டி, ஸ்பாஞ்சில் பெயிண்டைத் தொட்டுத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். தகட்டை உரித்தால் சுவரில் மான் நிற்கும். பெரும்பாலும் குழந்தைகள் அறைதான். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருஷம் பில் போட்டுக்கொண்டிருந்த நான், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த கையோடு வேலையை விட்டுவிட்டு இதில் குதித்தேன். என் அண்ணன் முருகேசன் பதினெட்டு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவர். அடிவண்ணம் அவர், மேலே படம் நான் என்று ஏற்பாடு.

அவருக்குத் தங்கச்சி நான் இன்னும் பாப்பாதான். அண்ணன் ஒரு கெடு வைத்தார். "என் கஸ்டமர் செவத்துல எம்புட்டு நாளைக்குப் பாப்பா ஒட்டிக்கிட்டு இருப்ப? சித்திரைத் திருவிழாக்குள்ள, நீ செஞ்சதப் பாத்துட்டு ஒருத்தராச்சும் தானா உன்னயக் கூப்பிடணும். இல்லன்னா பேசாம கடைக்கே போயிரு." திருவிழா முடிந்ததும் வந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கடை சூப்பர்வைசரும் சொல்லியிருந்தார். அந்தக் கடையில் நாற்காலி உண்டு, உட்கார நேரம்தான் கிடையாது. திரும்பிப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

பரீட்சை ஹால்

முதல் வேலை, ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர் வீட்டில். பேரன் விடுமுறைக்கு வரும் அறையில் பட்டாம்பூச்சி வேண்டும் என்றார். ஒரு நாற்காலியைப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஸ்பாஞ்ச் ஏறக்குறைய காய்ந்திருக்க வேண்டும், ஈரம் கூடினால் பெயிண்ட் தகட்டுக்கு அடியில் கசிந்து பூச்சிக்கு மீசை முளைத்துவிடும். அந்தப் பதற்றத்தில், முதுகில் இரண்டு கண்கள் வேறு குத்திக்கொண்டிருந்தால் கை எப்படி ஓடும்?

ஒன்பதாவது பட்டாம்பூச்சியை உரித்தபோது அவர் எழுந்து வந்தார். தகட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"முப்பது வருசம் பரீட்சை ஹால்ல நின்னுருக்கேன். பிட்டை வச்சு எழுதுறதுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

ஒட்டகச்சிவிங்கிக்கு வந்த கண்டம்

ஸ்டென்சில் தகட்டில் ஒரு கட்டாயம் உண்டு. உருவத்தை முழுசாக வெட்டினால் நடுவிலுள்ள துண்டுகள் கழன்று விழுந்துவிடும். அதனால் அங்கங்கே சின்னச் சின்னப் பட்டையாகத் தகட்டை விட்டுவைப்போம். அந்த இடத்தில் பெயிண்ட் ஏறாது, மெல்லிய இடைவெளி விழும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஓர் அழகு என்பது எங்கள் கட்சி.

டி. கல்லுப்பட்டியில் ஒரு வீட்டில் பதினோரு ஒட்டகச்சிவிங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்தேன். குழந்தையின் அத்தை வந்து பார்த்தார். பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பச்சப்புள்ள படுக்குற ரூமுல இம்புட்டு உசுரையும் கழுத்த அறுத்துப் போட்டிருக்கியேத்தா!" பட்டைவிட்ட இடைவெளி பதினொன்றுக்கும் கழுத்தில்தான் விழுந்திருந்தது. அதுவரை என் கண்ணுக்கு அது ஸ்டைலாகத் தெரிந்தது. அத்தை சொன்ன பிறகு எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு மெல்லிய தூரிகையால் பதினோரு கழுத்தையும் ஒட்ட வைத்தேன். அத்தை ஒவ்வொன்றாகப் போய் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பினார்.

"இப்பத்தான் தண்ணி குடிச்சா கீழ எறங்கும்."

அரிசி மூட்டை

ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி அப்படியே வேண்டும் என்றார். படத்தில் இருந்த அறையில் அவர் வீடு மொத்தமும் அடங்கும். இங்கே அறையில் பீரோ, தையல் மெஷின், மடக்கிய கட்டில், சொந்த ஊர் வயலில் விளைந்து வந்த அரிசி மூட்டை இரண்டு. காலியாகக் கிடைத்த சுவர் கதவளவுதான். மரம் பீரோவுக்குப் பின்னால் போகும், முயல் மூட்டைக்குப் பின்னால் போகும், யாருக்கும் தெரியாதே என்று நான் கவலைப்பட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"மூட்டை தீரத் தீர முயல் வெளிய வரும்ல, அது போதும்."

பதினான்கரை

இது முழுக்க முழுக்க என் தப்பு. வரிசையாக உருவம் அடிக்கும்போது சுவரை அளந்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். அப்போதுதான் மூலையில் வந்து முடியும்போது இடைவெளியை முன்னே பின்னே தள்ளிச் சமாளிக்கலாம். செல்லூரில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில், அவசரத்தில் கதவோரத்திலிருந்தே யானைகளை நடக்க விட்டுவிட்டேன். பதினான்கு யானை கம்பீரமாக வந்தது. பதினைந்தாவதுக்கு இடமில்லை. பின்னங்கால், வால், பாதி வயிறு. அதோடு சுவர் முடிந்தது.

வீட்டுக்காரர் சௌராஷ்டிரக் குடும்பம். பரம்பரையாகச் சேலைக் கரையில் அன்னமும் யானையும் ஓட விட்டவர்கள். அவர் கண்ணுக்கு முன்னால் இப்படியொரு தப்பைச் செய்தேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "தறியில பார்டர் இப்படி முடிஞ்சா சேலைய யாரும்மா எடுப்பா?" என்றார். பிறகு அவரும் மனைவியும் தங்கள் மொழியில் என்னவோ பேசிக்கொண்டார்கள். சிரிப்பு மட்டும் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர்களுடைய நாலு வயது மகள் மூலையில் போய் நின்றுகொண்டு, "மூஞ்சி எங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் முழுசையும் அழித்துவிடலாம் என்று உருளையை எடுத்தார். அழித்தால் அன்றோடு என் பிழைப்புக்கும் வெள்ளையடித்தது மாதிரிதான்.

அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். அனுமதி கேட்டுக்கொண்டு, சரியாக அதே உயரத்தில், ஹால் சுவரில் மிச்ச யானையை அடித்தேன். தும்பிக்கை, தந்தம், முன்னங்கால் எல்லாம் சோபாவுக்கு மேலே வெளியே வந்தன. குழந்தை அறைக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடிப் பார்த்து, வாலுக்கு ஒரு டாட்டா, தும்பிக்கைக்கு ஒரு டாட்டா காட்டினாள். விசைத்தறிக்காரர் இரண்டு பக்கமும் சாண் வைத்து அளந்தார்.

"ஒரு யானைய ரெண்டு ரூமுக்கு வித்த மொத ஆளு நீதாம்மா."

பிறக்காத பிள்ளையின் அறை

மாசி வந்துவிட்டது. தானாகக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. அப்போதுதான் திருப்பாலையில் கார்த்திக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், அண்ணனுடைய கஸ்டமர், தன் மனைவிக்கு இது நிறைமாதம், குழந்தைக்கு அறை தயாராக இருக்க வேண்டும் என்று அழைத்தார். மனைவி கவிதா வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு எழுமலைக்குப் போயிருந்தார். நான் மான் தகடுகளோடு போய் இறங்கினேன். வாசலிலேயே கார்த்திக்கின் அம்மா மறித்தார். "பொறக்குறதுக்கு முன்னாடி புள்ளைக்கு ஒரு சட்டை கூட எடுக்க மாட்டோம். நீ செவத்துக்கே சட்டை போட வந்துட்டியா?"

சுவருக்கு வெறும் அடிவண்ணம் அடிக்கலாம், அது வருஷா வருஷம் செய்வதுதான். பொம்மை, மான், பூ, குழந்தை வாடையடிக்கும் எதுவும் கூடாது. என் தகடுகூட வீட்டுக்குள் வரக் கூடாது. அண்ணன் இளமஞ்சள் அடித்து முடித்தார். நான் தகடுகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, யாரோ ஒரு பெண்ணுக்கு வலி எடுக்க வேண்டுமே என்று காத்திருந்தேன். பதினெட்டு நாள். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்கூட யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். கார்த்திக்கே என்னைவிட நிதானமாக இருந்தார்.

ஒரு நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது கார்த்திக்கின் அம்மாவேதான். வணக்கம் சொல்லக்கூட விடவில்லை.

"பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் நல்லா இருக்காக. மான அடி, மயில அடி, எத வேணும்னாலும் அடி. நீ ஏன் இன்னும் வரல?"

முழங்கால் ஆடு

மூன்று நாளில் அறையை முடித்தேன். கார்த்திக் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். மறுநாள் கவிதா நேராக எனக்கே போன் செய்தார். "அக்கா, மான் எல்லாம் கொள்ளை அழகு. ஆனா நானும் பாப்பாவும் அஞ்சாம் மாசம்தான் மதுரைக்கு வருவோம். அதுவரைக்கும் அத யாரு பாக்க? இங்க வாங்க. முப்பதாம் நாள் பேர் வைக்கிறோம், அதுக்குள்ள வேணும்." நான் தரையில் கால் பாவாமல் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர், "அதே குடும்பம்தான பாப்பா? கணக்குல சேத்தி இல்ல" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அடிவண்ணம் வேண்டுமே, அவரையும் கூட்டிக்கொண்டு எழுமலைக்குப் பஸ் ஏறினேன்.

தாயும் பிள்ளையும் பின்கட்டில். முன்னறைச் சுவர் எங்களுக்கு. கவிதாவின் அப்பா விவசாயி, தொழுவத்தில் முப்பது ஆடு வைத்திருப்பவர். மான் தகட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மானு இங்க ஏது? என் பேத்தி காலையில எந்திரிச்சு ஆட்டத்தான் பாக்கப் போகுது. ஆடு போடுத்தா." என்னிடம் ஆட்டுத் தகடு இல்லை. வெட்டலாம் என்றால் வெறும் தகடு ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் போதும், எங்கள் தொழிலில் அதைவிட நல்ல தகடு கிடையாது என்றேன். உள்ளே போனவர், ஆஸ்பத்திரி உறையோடு ஒரு பிலிமைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வலது முழங்கால்.

வெளிச்சத்தில் பிடித்து, எலும்பின் மேல் ஆட்டை வரைந்து, பிளேடால் வெட்டினேன். அவர் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு, கொம்பு இன்னும் வளையணும், காது தொங்கணும், தாடி வேணும் என்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் ஆட்டைச் சுவரில் உரித்தபோது ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"எல்லாஞ் சரித்தா, என் முட்டி வலி ஆட்டுக்கு வந்துறாமப் பாத்துக்க."

கொஞ்சம் தள்ளுங்கண்ணே

முப்பதாம் நாளன்று எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க நான்கு நாள்தான் இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், கடைசியாக மறுநாள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். முன்னறையில் ஒரே கூட்டம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடுகளுக்கு முன்னால் நின்று ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்காரத் தாத்தா ஒவ்வொருவரிடமும் அது தன் முழங்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் சுவரோரம் நின்று, தான் அடித்த அடிவண்ணத்தில் எங்கோ ஒரு மேடு தெரிகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியை நீட்டிய ஒரு பெண், "கொஞ்சம் தள்ளுங்கண்ணே, ஆடு மறையுது" என்றாள். தள்ளினார். அடுத்தவர் வந்தார், இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்படியே வாசல்வரை தள்ளப்பட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அங்கிருந்தும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ என்று பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

"பதினெட்டு வருசமா அடிக்கிறேன் பாப்பா, நான் அடிச்ச செவத்துக்கு முன்னால நின்னு ஒருத்தரும் ஒரு போட்டோ எடுத்ததில்ல. நாளைக்கு எதுக்கு, இப்பவே கடைக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிரு."

ஆக அன்பர்களே, நாம் இடுப்பொடிய அடிப்பதெல்லாம் அடுத்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதற்காகத்தான்!